பழைய ஒயின் ஃபிரிட்ஜ் குளிர மறுக்கிறதா?

குறைந்த விலைக்கு ஒரு பழைய ஒயின் ஃபிரிட்ஜ் கிடைத்தது, வாங்கி வந்து மாட்டிவிட்டீர்கள். விளக்கு எரிகிறது, உள்ளே விசிறி ஓடும் சத்தமும் கேட்கிறது. ஆனால் மறுநாள் பார்த்தால் பாட்டில் லேசாகத்தான் குளிர்ந்திருக்கிறது. விற்றவருக்குப் போன் போட்டுச் சண்டை பிடிப்பதற்கு முன் சில விஷயங்களைப் பார்த்துவிடலாம்.

முதலில், எவ்வளவு குளிர வேண்டும்? சமையலறை ஃபிரிட்ஜ் 4 டிகிரி செல்சியஸை ஒட்டி நிற்கும். இது அப்படியல்ல. வெள்ளை ஒயினுக்கு 8 முதல் 12 டிகிரி, சிவப்புக்கு 14 முதல் 18 டிகிரி, நாள்பட வைத்திருக்க 12 அல்லது 13 டிகிரி என்பது வழக்கமான கணக்கு. கைக்கு ஜில்லென்று படவில்லை என்பதற்காகவே பெட்டி பழுது என்று முடிவு கட்டாதீர்கள்.

அப்படியானால் பால், இட்லி மாவு வைக்கலாமா? வேண்டாம். பிரிக்காத இன்சுலினையும் வைக்காதீர்கள். அதற்கு 2 முதல் 8 டிகிரி தேவை. ஒயின் ஃபிரிட்ஜ் அந்த எல்லைக்குள் நிற்கும் என்று நம்ப முடியாது.

முகப்பில் 12 என்று காட்டுகிறதே என்பீர்கள். பல பெட்டிகளில் அது நீங்கள் கேட்டு வைத்த அளவு. உள்ளே இருக்கும் அளவு வேறாக இருக்கலாம். ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு நடுத்தட்டில் வைத்து, ராத்திரி முழுக்க கதவைத் திறக்காமல் விட்டு, காலையில் பாருங்கள். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் உதவாது, அவ்வளவு கீழே அது காட்டாது. நிறையப் பாட்டில் அடுக்கியிருந்தால் முழுதாகக் குளிர ஒரு நாளுக்கு மேலும் ஆகும்.

அடுத்த கேள்விதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும்: உங்களுடையது எந்த வகை? பெட்டியைத் திருப்பி முதுகைப் பாருங்கள். அடியில் கறுப்பு இரும்பு உருண்டையும் அதிலிருந்து கிளம்பும் செம்புக் குழாய்களும் தெரிந்தால் அது கம்ப்ரஸர் வகை. லேபிளில் ஆர்600ஏ அல்லது ஆர்134ஏ என்று வாயுவின் பெயரும் இருக்கும். அதெல்லாம் இல்லாமல், ஒரு விசிறியும் அலுமினியத் துடுப்புகளும் மட்டும் இருந்தால் அது பெல்டியர் வகை (மின்சாரம் பாய்ந்ததும் ஒரு முகம் குளிர்ந்து, மறுமுகம் சூடாகும் சிறு தகட்டை வைத்து இயங்குவது). 1834இல் இந்த விளைவைக் கண்டவர் ழான் பெல்டியர் என்ற பிரெஞ்சுக்காரர்; அதற்கு முன் கடிகாரத் தொழில் செய்தவர்.

பெல்டியர் என்றால் என்ன கவலை? அறையின் வெப்பத்தைவிட ஏறக்குறைய 20 டிகிரிதான் அதனால் கீழே இறக்க முடியும், அதுவும் எல்லாம் ஒழுங்காக இருந்தால். மே மாதத்துச் சென்னையில் உங்கள் அறை 35 டிகிரி என்றால், உள்ளே 15க்குக் கீழே போகாது. பொத்தானை அழுத்தி 8 என்று வைப்பதால் எதுவும் மாறாது. பெட்டி ராப்பகலாக ஓடி, கரன்ட் பில்தான் ஏறும். ஏசி ஓடும் அறைக்கு மாற்றிப் பாருங்கள். அங்கே குளிர்ந்துவிட்டால் பெட்டியில் கோளாறு இல்லை. என்னைக் கேட்டால், ஏசி இல்லாத வீட்டுக்கு இந்த வகையை வாங்கவே கூடாது.

கம்ப்ரஸர் பெட்டிக்கும் எல்லை உண்டு. லேபிளில் தட்பவெப்ப வகுப்பு (எந்த அறை வெப்பம் வரை ஒழுங்காக வேலை செய்யும் என்ற குறியீடு) இருக்கும். எஸ்என், என் என்றால் 32 டிகிரி வரை, எஸ்டி என்றால் 38 வரை, டி என்றால் 43 வரை. நம் ஊர் வெயிலுக்குக் கடைசி இரண்டும்தான் சரி.

ஏசி அறையிலும் குளிரவில்லையா? பெல்டியர் பெட்டியின் முதுகுத் துடுப்பைத் தொட்டுப் பாருங்கள். பெட்டியை ஓடவிட்டு, கால் மணி நேரம் கழித்து, மெதுவாக, விசிறி இறக்கையில் விரல் படாமல். துடுப்பு மிகவும் சுட்டால், தகடு வேலை செய்கிறது. சூடுதான் வெளியேற வழியில்லாமல் நிற்கிறது. பெரும்பாலும் விசிறி நின்றிருக்கும், அல்லது துடுப்பு இடுக்கெல்லாம் தூசி அடைத்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். விசிறி கம்ப்யூட்டருக்குள் இருப்பதைப் போன்ற 12 வோல்ட் விசிறிதான். அளவும் வோல்ட்டும் பார்த்து மாற்றிவிடலாம். உள்விசிறி நின்றிருந்தாலும் குளிர் பரவாது, பின்சுவரில் மட்டும் பனி கட்டும்.

துடுப்பில் சூடே இல்லையா? அப்போது தகடு செத்திருக்க வேண்டும், அல்லது அதற்கு மின்சாரம் போகவில்லை. மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்தவர், குளிர் அளவை ஆகக் குறைவாக வைத்து, தகட்டின் சிவப்பு, கறுப்பு ஒயர்களில் அளந்து பார்க்கலாம். 12 வோல்ட் வாக்கில் வந்தும் சூடு, குளிர் எதுவும் இல்லை என்றால் தகட்டை மாற்ற வேண்டும். அதன் மேலே அச்சிட்ட எண்ணைக் குறித்துக்கொண்டு போனால் சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் உள்ள எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கேட்கலாம். விலை சில நூறு ரூபாய்தான். மாற்றும்போது பழைய தெர்மல் பேஸ்ட்டை (சூட்டைத் துடுப்புக்குக் கடத்தும் பசை) துடைத்துப் புதிதாகத் தடவுங்கள். ஒயரை மாற்றிக் கொடுத்தால் பெட்டி அடுப்பாகிவிடும். மின்சாரமே வரவில்லை என்றால் கோளாறு பவர் போர்டில். அதை நீங்கள் தொடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதிலுள்ள கெபாசிட்டரில் ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தேங்கியிருக்கும்.

கம்ப்ரஸர் வகையா? வண்டியில் படுக்கவைத்துக் கொண்டுவந்தீர்களா என்று யோசியுங்கள். படுக்கவைத்தால் உள்ளே இருக்கும் எண்ணெய் குழாய்களுக்குள் ஓடிவிடும். ஒரு நாள் நிமிர்த்தி வைத்துவிட்டு சுவிட்ச் போடுங்கள். அமெரிக்காவிலிருந்து வந்த பெட்டி என்றால் லேபிளில் வோல்ட்டைப் பார்ப்பது அவசியம். 115 வோல்ட் பெட்டியை நம் 230 வோல்ட்டில் செருகினால் புகைந்துவிடும்.

சில நிமிடத்துக்கு ஒருமுறை ‘டிக்’ என்று கேட்டு, கம்ப்ரஸர் கிளம்பாமல் அடங்குகிறதா? ரிலே (கம்ப்ரஸரைக் கிளப்பிவிடும் சிறு பாகம்) போயிருக்கலாம், சின்னச் செலவு. வோல்டேஜ் குறைவாக இருந்தாலும் இதே சத்தம்தான் வரும், அதையும் அளக்கச் சொல்லுங்கள். கம்ப்ரஸர் ஓடிக்கொண்டே இருந்து, குளிர் மட்டும் வரவில்லை என்றால் கேஸ் இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம். ‘கேஸ் ஏத்திட்டா சரியாயிடும் சார்’ என்று மெக்கானிக் சொல்வார். எங்கே கசிகிறது என்று கண்டுபிடித்து அடைக்காமல் ஏற்றினால், அது திரும்பவும் போய்விடும். ஆர்600ஏ தீப்பற்றக்கூடிய வாயு. அதில் பழக்கமுள்ளவரைத் தவிர வேறு யாரையும் குழாயில் கைவைக்க விடாதீர்கள்.

இரண்டு வகைக்கும் பொதுவானது கதவு ரப்பர். ஒரு காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். தடையில்லாமல் வழுக்கி வந்தால் அந்த இடத்தில் காற்று புகுகிறது. நாலு பக்கமும் பாருங்கள். கண்ணாடிக் கதவில் வெயில் படாமலும், காற்று வெளியேறும் பக்கம் சுவரை ஒட்டாமலும் இருக்கட்டும்.

செலவு செய்வது நியாயமா? பெல்டியர் பெட்டிக்கு விசிறி, பசை, தகடு மூன்றையும் மாற்றினாலும் பெரிய தொகை ஆகாது, தாராளமாகச் செய்யலாம். கம்ப்ரஸர் பெட்டியில் ரிலே, சென்சார் வரை செலவு செய்யலாம். கசிவு சுவருக்குள் புதைந்த குழாயில் என்று தெரிந்தால் பணம் போடாமல் விட்டுவிடுங்கள்.

இன்னும் பேரத்தில்தான் இருக்கிறீர்களா? விற்பவரிடம் முந்தின நாள் ராத்திரியே பெட்டியை ஓடவிட்டு, உள்ளே ஒரு டம்ளர் தண்ணீர் வைக்கச் சொல்லுங்கள். காலையில் தெர்மாமீட்டரோடு போய், அந்தத் தண்ணீரை அளந்த பிறகு விலை பேசுங்கள்.