இடுக்கண் காலத்தில் விசுவாசம்

கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் 'பிஸ்டிஸ்' என்னும் சொல் விசுவாசத்தையும் உண்மையுடைமையையும் ஒருங்கே குறிக்கும். இதற்குத் தமிழகத் திருச்சபை வரலாறு சான்று பகரும்.

1780இல் ஐதர் அலியின் படையெடுப்பால் கர்நாடகம் பாழாயிற்று; செஞ்சிக் கோட்டையும் அவர் வசமாயிற்று. தஞ்சைக் கோட்டைக்குள் பஞ்சம் மிகுந்தது. நாட்டுப்புறத்தில் தானியம் இருந்தும் சுமந்துவர மாடுகள் இல்லை. முன்னர் விலைபெறாது ஏமாந்த உழவர் அரசரின் வாக்கை நம்ப மறுத்தனர். சுவார்ட்ஸ் ஐயர் தாமே பிணைநின்றார். இரண்டொரு நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகள் வந்தன. 80,000 கலம் தானியம் சேர்ந்தது.

அவ்வுழவர் நம்பியது நம் கோட்பாட்டையன்று. பொய்யாத ஒருவரின் வாக்கையே. மத்தேயு 5:37 அங்குச் செயலாயிற்று. இத்தகைய நம்பிக்கையைப் பஞ்சம் வந்தபின் ஈட்டவியலாது. பனமலையிலாயினும் பட்டணத்திலாயினும், காணிக்கைக் கணக்கிலும் கூலியிலும் கடனிலும் நாம் இன்று காக்கும் நேர்மையே, நாளைய இடுக்கணில் நம் சபையார் பற்றிக்கொள்ளும் கைப்பிடியாகும்.