கூண்டுக்கு வராத கோழியைத் துரத்தாதீங்க!

கொல்லையில் நாலு கோழி வளர்க்கிற வீடுகளில் பொழுது சாயும் நேரத்தில் நடக்கும் கூத்து உங்களுக்கும் தெரிந்திருக்கும். கம்பி வலைக்குள்ளே மற்ற கோழிகள் தீனி பொறுக்கிக் கொண்டிருக்கும். காலையில் வலையைத் தாண்டிப் பறந்த ஒன்று மட்டும் வெளியே நின்று, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடிக்கொண்டே இருக்கும். பத்தடி தள்ளிக் கதவு திறந்துதான் கிடக்கும், அதன் கண்ணில் படாது. நாம் ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம் துடைப்பத்தோடு துரத்த, அது பக்கத்து வீட்டு ஓட்டின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். "துளி அறிவு இருக்கா பாரு"ன்னு திட்டிக்கொண்டே நாம் உள்ளே வந்துவிடுவோம். ராத்திரி கீரியோ பூனையோ வந்தால் முடிந்தது கதை.

அறிவு இல்லாமல் இல்லை, அதன் கண்ணே அதைக் கட்டிப் போட்டுவிடுகிறது. வோல்ப்காங் கோலர் என்ற ஜெர்மானிய மனோதத்துவ அறிஞர், மனிதக் குரங்குகளின் புத்தியை ஆராய்ந்து 1917-ல் வெளியிட்ட புத்தகத்தில் கோழிகளைப் பற்றியும் எழுதியிருக்கிறார். வேலிக்கு அந்தப் பக்கம் தீனி வைத்தால் நாய் சட்டென்று சுற்றிக்கொண்டு போய்விட்டது. நடை பழகும் சின்னக் குழந்தையும் போய்விட்டது. கோழிகள் மட்டும் தீனிக்கு நேராக வலையில் முட்டி முட்டி ஓடின. அப்படி ஓடும்போது தற்செயலாக வேலி முனைக்கு வந்துவிட்டால்தான் சுற்றிப் போயின. இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், தீனி வலைக்கு ரொம்பப் பக்கத்தில் விழுந்தபோது அந்தப் புத்திசாலி நாய்கூட நகராமல் அங்கேயே நின்றுவிட்டதாம். பக்கத்தில் தெரிகிற பொருளை விட்டு விலகிப் போக யாருக்குத்தான் மனசு வரும், சொல்லுங்கள்!

இதைத் தெரிந்துகொண்டால் பாதிப் பிரச்னை தீர்ந்தது. தீனித் தட்டையும் தண்ணீர்ச் சட்டியையும் வலை ஓரமாக வைக்கவே வைக்காதீர்கள். கதவுக்கு நேர் உள்ளே வையுங்கள். கோழி எந்த இடத்தில் நின்று முட்டுகிறதோ அந்த இடத்தில் ஒரு பழைய கோணிப்பையையோ கிழிந்த புடவையையோ வலையில் கட்டிவிடுங்கள். உள்ளே இருப்பது தெரியாமல் போனால், அது அந்த இடத்தை விட்டுவிட்டு நகரும், கதவும் கண்ணில் படும். புதிதாகக் கூண்டு கட்டுபவர்கள் கதவை வலையின் நடுவில் வைக்காமல் மூலையில் வைத்தால் ரொம்ப நல்லது. வலையோடு ஓடுகிற கோழி எப்படியும் மூலைக்கு வந்துதானே ஆகணும்? எங்கள் வீட்டுக் கதவு மூலையில்தான் இருக்கிறது. ஓட்டிக்கொண்டு போவதானால் இரண்டு கையையும் அகல விரித்து, பின்னால் மெதுவாக நடங்கள். அது நின்றால் நாமும் நின்றுவிட வேண்டும். அவசரம் கூடவே கூடாது.

கோழிக்குத் திசை தெரியாது என்றும் நினைத்துவிடாதீர்கள். 2005-ல் ஆஸ்திரேலிய, ஜெர்மானிய விஞ்ஞானிகள் குஞ்சுகளை வைத்துச் செய்த சோதனையில், அவை பூமியின் காந்த சக்தியை வைத்தே திசை கண்டுபிடிக்கின்றன என்று தெரிய வந்தது. தன் வீடு எது என்று மனசில் பதிந்துவிட்டால் கோழி தானாக வந்துவிடும். அதைப் பதிய வைப்பதுதான் நம் வேலை.

என் நாத்தனார் மகள் விஷயம் இதுதான். எங்கள் வாணியம்பாடிப் பக்கம் பெண்களில் ரொம்பப் பேர் ஷூ கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள், அவளும் அப்படித்தான். முட்டை விற்கிற காசில் பிள்ளையின் வேன் கட்டணத்தைச் சமாளிக்கலாம் என்று பொரிப்பகத்துக் குஞ்சுகள் இருபது வாங்கினாள். இரண்டு மாசம் வளர்த்து வெளியே விட்டதும் ஆரம்பித்தது தொல்லை. சாயங்காலம் ஒன்று முருங்கை மரத்தில், ஒன்று சாக்கடை ஓரத்தில், நாலு வாசல் திண்ணைக்கடியில்! அவள் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும்போது இருட்டிவிடும். டார்ச் லைட்டை வைத்துக்கொண்டு தேடுவாள். ஒரே வாரத்தில் நாய் மூன்றைத் தூக்கிவிட்டது. "அத்தே, எனக்கு இதுங்க வாணாம். மிச்சத்தையும் வித்துடறேன்"னு கண் கலங்கினாள். அவள் வீட்டுக்காரர் வேறு, "அப்பவே சொன்னேன்ல"ன்னு ஆரம்பித்துவிட்டார். பதினேழு கோழியை விட, இனி எதையாவது செய்து பார்க்கலாம் என்கிற தைரியம் அவளுக்குப் போய்விடுமோ என்றுதான் எனக்குக் கவலை.

தாய்க்கோழி இருந்தால் பொழுது சாயும்போது கூப்பிட்டு, கூடைக்கடியில் (தெற்கே பஞ்சாரம் என்பார்கள்) குஞ்சுகளைச் சேர்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். குஞ்சுகளும் பார்த்துப் பழகும். இயந்திரத்தில் பொரித்த குஞ்சுக்கு அதைச் சொல்லித்தர யார் இருக்கிறார்கள்? அதனால் நாமே தாயாக வேண்டியதுதான். முதலில் ஒரு வாரம் முழுக்கக் கூண்டை விட்டு வெளியே விடவில்லை. தீனி, தண்ணீர், படுக்கை எல்லாம் உள்ளேதான். எட்டாம் நாள், பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது, தீனி போடாமல் வெறும் வயிற்றோடு விட்டோம். பிறகு தகர டப்பாவில் கொஞ்சம் கம்பு போட்டு ஆட்டிக்கொண்டே "பா... பா... பா..." என்று கூப்பிட்டுக் கூண்டுக்குள் இறைத்தோம். பதினொன்று வந்தன. வராததை இருட்டின பிறகு எடுத்து வந்து உள்ளே விட்டோம். இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது என்பதால் கத்தாமல் கையில் வரும். தினமும் கொஞ்ச நேரம் கூட்டிக்கொண்டே போனோம். பத்தாம் நாள் முருங்கை மரத்துக் கோழி தவிர எல்லாம் தானாக வந்தன. அதை மட்டும் இன்னும் ஒரு வாரம் ஏணி போட்டு இறக்கினோம், அப்புறம் அதற்கும் அலுத்துவிட்டது போலிருக்கிறது.

அவள் வருவதற்குள் கதவைச் சாத்த வேண்டுமே? அதற்குப் பக்கத்து வீட்டு ஆபா கை கொடுத்தார். (எங்கள் ஊரில் உருது பேசும் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.) அவர் "ஆ... ஆ... ஆ..." என்றுதான் கோழியைக் கூப்பிடுவார். இப்போது அந்தக் கோழிகளுக்கு இரண்டு பாஷையும் புரிகிறது! முட்டையில் அவருக்கும் வாரத்துக்கு ஒரு பங்கு உண்டு.

ஒன்றைக் கவனியுங்கள். கதவு சாத்தும் நேரத்தைக் கடிகாரம் பார்த்து வைக்காதீர்கள். கார்த்திகையில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் இறங்கிவிடும், ஆனி ஆடியில் ஆறே முக்கால்கூட ஆகும். கோழிக்கு வெளிச்சம்தான் கணக்கு. வாசலில் பளிச்சென்று விளக்கு எரிய, கூண்டு கும்மிருட்டாக இருந்தால் அது உள்ளே போகத் தயங்கும். பொழுது சாயும் நேரத்தில் ஒரு சின்ன விளக்கைக் கூண்டுக்குள் போட்டு, எல்லாம் ஏறி உட்கார்ந்ததும் அணைத்துவிடுங்கள். ஏறி உட்கார உருண்டையான கம்பு கட்டாயம் வேண்டும். காட்டுக்கோழி வம்சமாச்சே, உயரத்தில் உட்கார்ந்தால்தான் அதற்குத் தூக்கம்.

இவ்வளவு செய்தும் குறிப்பிட்ட ஒரு கோழி மட்டும் வரவில்லையா? வழி தெரியாமல் இருக்காது. உள்ளே பெரிய கோழி கொத்துகிறதா என்று பாருங்கள். கோழிக் கூட்டத்தில் யாரை யார் கொத்தலாம் என்று வரிசை முறையே இருப்பதை நார்வே நாட்டு ஷெல்டெரப்-எப்பே என்பவர் 1921-லேயே எழுதி வைத்திருக்கிறார். கூட்டுக் குடும்பத்தில் வாழ்ந்த நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை! தள்ளி இன்னொரு கம்பு கட்டி, இன்னொரு தட்டும் வைத்தால் கடைசி மருமகளும் உள்ளே வருவாள். அதுவும் இல்லையென்றால் எங்கேயாவது புதரில் முட்டையிட்டு அடை உட்கார்ந்திருக்கும், தேடிப் பாருங்கள்.

தண்ணீரையும் மறக்க வேண்டாம். தோல் பதனிடும் தொழிலால் பாலாற்றங்கரைத் தண்ணீர் கெட்டதைப் பற்றி 1996-ல் சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்புச் சொன்னது. எங்கள் கிணற்று நீர் இன்றைக்கும் உப்புதான். நாங்கள் குடிக்கிற குடத்துத் தண்ணீரைத்தான் கோழிக்கும் மண் சட்டியில் வைக்கிறோம். வெயில் நாளில் அந்தச் சட்டிக்காகவே பகலில் இரண்டு தடவை வீட்டுக்கு வந்து போகும்.

பறக்காமல் இருக்க ஒரு பக்க இறக்கையின் நீள இறகுகளை மட்டும் பாதி வெட்டிவிடச் சொல்வார்கள். முழுதாக வளர்ந்த இறகை வெட்டினால் வலிக்காது, நமக்கு முடி வெட்டுகிற மாதிரிதான். இறகு உதிர்ந்து முளைத்ததும் மறுபடி பறக்கும். ஆனால் எனக்கு அதில் இஷ்டமில்லை. நாய்கள் திரிகிற தெருவில், ஓட்டின் மேல் ஏறித் தப்பிக்கிற வழியையும் நாமே அடைத்துவிடுவதா?

கூண்டுக்கு வரப் பழகிய கோழியால் இன்னொரு சௌகரியம், வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி போடும் நாளில் தெருத்தெருவாக ஓட வேண்டாம். விடியற்காலையில் கதவைத் திறக்காமலே ஒவ்வொன்றாக எடுத்துக் கூடையில் போட்டுக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு போய்விடலாம். போன தடவை நாத்தனார் மகள் பதினேழையும் அப்படித்தான் கொண்டு போனாள்.

இப்போது எங்களுக்கு மிச்சமிருப்பது பூனைத் தொல்லைதான். கொக்கி போட்ட கதவையே திறக்கக் கற்றுக்கொண்டுவிட்டது. இதற்கு வழி தெரிந்த சகோதரிகள் யாராவது எழுதுங்களேன்.

- ஒரு வாசகி, வாணியம்பாடி.