கிச்சனுக்கு சிவப்பு... எங்கே, எவ்வளவு?

மாடுலர் கிச்சன் ஷோரூமில் பளபளக்கும் சிவப்பு கேபினெட்டைப் பார்த்ததும் அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். அங்கே எரிவது பத்து விளக்கு. நம் ஃபிளாட் கிச்சனில் ஒரு ட்யூப்லைட், ஒரு சின்ன ஜன்னல். வெளிச்சம் குறைந்தால் முதலில் கறுத்துத் தெரிவது சிவப்புதான். பிறகு கதவை மாற்றுவதென்றால் திரும்பவும் ஆயிரக்கணக்கில் செலவு.

அதனால் சுவரும் மேல் கேபினெட்டும் க்ரீம், கீழே மட்டும் சிவப்பு. வாடகை வீடா? சிவப்பு டப்பாக்கள், ஒரு மிதியடி போதும். வீடு மாறினாலும் கூடவே வரும்.

பாட்டி காலத்து அடுப்படிகள் பலவற்றில் சிவப்பு காலடியில்தான் இருந்தது. சிமென்ட்டில் ரெட் ஆக்சைடு கலந்து இழைத்த தரை. இரும்பு ஆக்சைடு என்பதால் வெயிலில் வெளுக்காது. துடைக்கத் துடைக்க மெருகேறும். வீடு கட்டுகிறவர்கள் இதையும் யோசிக்கலாம். ஆனால், கைதேர்ந்த கொத்தனார் கிடைக்க வேண்டும்; அவசரமாகப் போட்டால் விரிசல் விடும்.