கூடி இழைக்கும் வழக்கத்தைக் காப்பது காலத்தின் தேவை

கொழும்பில் நடைபெறும் கைப்பணிக் கண்காட்சிகளுக்குச் செல்வோர் கிழக்கிலங்கையின் பன்பாயையும் மருதமுனைக் கைத்தறிச் சேலையையும் தொட்டுப் பார்த்து வியப்பதுண்டு. அந்த வியப்பு நியாயமானதே. ஆனால், அந்தப் பாயும் சேலையும் எவ்வாறு உருவாகின்றன, அவற்றை உருவாக்கும் அறிவு ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு எவ்வாறு கைமாறுகின்றது என்பதைக் கண்காட்சிக் கூடத்தில் அறிந்துகொள்ள முடியாது. அந்த அறிவு, கிராமத்தவர் கூடியமர்ந்து வேலை செய்யும் வழக்கத்திலேயே தங்கியிருக்கின்றது. அவ்வழக்கம் அருகி வருவதுதான் இன்று எமது கவனத்திற்குரிய விடயமாகும்.

முதலில் பாயை எடுத்துக்கொள்வோம். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் கரையோரக் கிராமங்களில், குறிப்பாக முஸ்லிம் பெண்களிடையே, பாய் இழைத்தல் நெடுங்காலமாக நிலவி வரும் குடிசைக் கைத்தொழிலாகும். நீர் தேங்கும் சதுப்பு நிலங்களில் வளரும் பன்னை வெட்டி, வெயிலில் உலர்த்தி, ஒரு பகுதியைச் சாயத்தில் அவித்து எடுப்பர். பின்னர் தறியேதும் இன்றி, விரல்களாலேயே இழைப்பர். பாயில் தோன்றும் கோலங்களுக்கு எழுதி வைத்த வரைபடம் கிடையாது. எந்த இழையை மேலே விடுவது, எத்தனை இழைகளைத் தாண்டுவது என்ற கணக்கு அனைத்தும் மனத்திலேயே இருக்கின்றது. மூத்தவர் ஒருவரின் அருகில் அமர்ந்து, அவருடைய கையைப் பார்த்து, பிழைத்த இடத்தை அவிழ்த்து மீண்டும் இழைத்துத்தான் ஒரு சிறுமி அக்கணக்கைக் கற்றுக்கொள்கின்றாள். சாயம் அவிப்பதிலும் இதே நிலைதான். ஒரே அடுப்பில் பல வீட்டாரின் பன்னும் அவிக்கப்பட்டால் விறகும் சாயமும் மிச்சமாகும். தனித்துச் செய்பவருக்குச் செலவு கூடும். விற்பனை விலையோ அதே விலைதான்.

கைத்தறியும் இதற்கு விதிவிலக்கன்று. தறியில் அமர்ந்திருப்பவர் ஒருவராக இருக்கலாம். ஆனால் அவர் அங்கு அமர்வதற்கு முன்னர் பல கைகள் உழைத்திருக்க வேண்டும். நூலுக்குச் சாயமிடுதல், சுற்றுதல், பாவு ஓடுதல் ஆகியன வீட்டாரும் அயலாரும் பகிர்ந்து செய்யும் வேலைகள். ஒரு சேலையின் அகலத்திற்கு ஆயிரக்கணக்கான பாவு நூல்கள் தேவைப்படுகின்றன. அவற்றை ஒவ்வொன்றாக விழுதுக்கண்களிலும் அச்சிலும் கோக்கும்போது ஒருவர் பின்னாலிருந்து நூலை எடுத்துக் கொடுக்க, மற்றவர் முன்னாலிருந்து வாங்கி இழுக்க வேண்டும். தனியொருவர் செய்தால் அது முடிவதற்குப் பல மடங்கு நேரம் பிடிக்கும்.

இவ்வாறு கூட்டுழைப்பில் தங்கிய தொழில்கள், அக்கூட்டு சிதறும்போது நிலைகுலைவது இயல்பே. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் நிலவிய 1970களின் முற்பகுதியில் கைத்தறிக்கு நல்ல சந்தை இருந்தது. 1977ஆம் ஆண்டு திறந்த பொருளாதாரக் கொள்கை வந்தபோது, மலிவான இறக்குமதித் துணிகளுடன் போட்டியிட இயலாமல் நாடெங்கும் ஆயிரக்கணக்கான கைத்தறித் தொழிலாளர், அவர்களுட் பெரும்பாலோர் கிராமத்துப் பெண்கள், தொழிலை இழந்தனர். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை மருதமுனைக் கரையைத் தாக்கியபோது உயிர்களோடும் வீடுகளோடும் தறிகளும் அழிந்தன. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் ரூபாவின் பெறுமதி வீழ்ச்சியடைந்ததால், இறக்குமதி நூலினதும் சாயத்தினதும் விலை நெசவாளரின் கைக்கெட்டாத உயரத்திற்குச் சென்றது. பாயின் நிலையும் வேறல்ல. பிளாஸ்ரிக் பாய் சந்தையைப் பிடித்துக்கொண்டது. பன் வளரும் நிலங்களும் நிரப்பப்பட்டுச் சுருங்கி வருகின்றன.

இவற்றைப் பொருளாதார இழப்பாக மாத்திரம் கணக்கிடுவது போதாது. கிழக்கில் தமிழர்களும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல வாழ்ந்தவர்கள் என்று மேடைகளில் அடிக்கடி கூறப்படுகின்றது. அந்த வாழ்வு மேடைப் பேச்சினால் உண்டானதன்று. நாளாந்தக் கொடுக்கல் வாங்கலால் உண்டானது. மருதமுனையின் வடக்கே பெரியநீலாவணையும் தெற்கே பாண்டிருப்பும் தமிழ்க் கிராமங்கள். மருதமுனைச் சேலையை முஸ்லிம் பெண்கள் மாத்திரம் உடுத்தவில்லை. தமிழ்ப் பெண்களும் விரும்பி உடுத்தினர். முஸ்லிம் திருமண வீட்டில் சஹனைச் சுற்றி விருந்தினர் அமர விரிக்கப்பட்ட அதே பாய்தான், தமிழ் வீட்டு முற்றத்தில் நெல் காயவும் விரிக்கப்பட்டது. 1990ஆம் ஆண்டின் கொடிய நிகழ்வுகள் இரு சமூகத்தாரிடையேயும் ஆறாத காயங்களை ஏற்படுத்தின. போக்குவரத்து நின்றது; பழகிய வாசற்படிகள் அந்நியமாயின. 2019ஆம் ஆண்டின் உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின்னரும் ஐயமும் அச்சமும் மீண்டும் தலைதூக்கின. இத்தகைய காலங்களில் அறுந்த உறவை மீளக் கட்டுவதற்கு, இரு சமூகத்துப் பெண்களும் பயனுள்ள ஒரு வேலையின் பொருட்டு ஒன்றாக அமர்வதைவிட எளிய வழி வேறு இருப்பதாகத் தெரியவில்லை.

அரசு எதுவும் செய்யவில்லை என்று கூறுவது எமது நோக்கமன்று. 1982ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய அருங்கலைகள் பேரவை அமைக்கப்பட்டது. கைவினைஞர்களின் ஆக்கங்களை விற்பதற்கு லக்சல இருக்கின்றது. கண்டி மாவட்டத்தின் தும்பறைப் பாய் இழைக்கும் மரபு, 2021ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் தெரியாப் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அங்கு மரபுரிமையாக ஏற்கப்பட்டது பாய் அல்ல, அதை இழைக்கும் திறன் என்பது ஈண்டு கவனிக்கத்தக்கது. திறன் என்பது மனிதரிடம் இருப்பது. மனிதர் கூடும் இடத்திலேயே அது வளரும். எமது கொள்கைகளோ பெரும்பாலும் பொருளையும் சந்தையையும் சுற்றியே அமைந்துள்ளன. பயிற்சி நெறி முடிந்து சான்றிதழ் வழங்கப்பட்டதும் பயிலுநர் கலைந்து விடுகின்றனர். அதன் பின்னர் அவர்கள் கூடுவதற்கு ஓர் இடமுமில்லை, காரணமுமில்லை.

ஆகவே, இழைப்போரும் நெய்வோரும் கூடும் நாட்களைக் கிராமங்களிலேயே ஒழுங்கு செய்வது அவசியமாகும். இதற்குப் பெருநிதி தேவையில்லை. பிரதேச செயலகங்கள் நடத்தும் கலாசார விழாக்களில் கவியரங்கிற்கும் நடனத்திற்கும் கிடைக்கும் இடத்தில் ஒரு பகுதியைப் பாய் இழைப்போருக்கும் ஒதுக்கலாம். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள் அயற்கிராமச் சங்கங்களையும் அழைத்துப் பாடசாலை விடுமுறைக் காலத்தில் இரண்டொரு நாட்கள் கூடினால், மாணவியர் மூத்தவர்களின் அருகில் அமர்ந்து கற்க வாய்ப்புண்டாகும். கற்றுக்கொடுக்கும் மூத்த பெண்களுக்கு வளவாளருக்குரிய கொடுப்பனவு வழங்கப்பட வேண்டும். பொன்னாடை போர்த்துவதோடு அவர்களை வீட்டுக்கு அனுப்பி விடுவது மரியாதையாகாது. நூலையும் சாயத்தையும் கூட்டாக வாங்குவது குறித்தும், பன் வளரும் நிலங்களைப் பாதுகாப்பது குறித்தும் அவர்களே பேசித் தீர்மானிப்பதற்கு இத்தகைய கூடல்கள் களமாக அமையும்.

கோயில் பரிபாலன சபைகளும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் இதற்கு ஆதரவளிப்பின் தயக்கங்கள் விரைவில் நீங்கும். வாங்குவோராகிய எமக்கும் கடமையுண்டு. வீட்டு விசேடத்திற்கு ஒரு பாயையோ பெருநாளுக்கு ஒரு கைத்தறிச் சாரத்தையோ வாங்கும்போது, அதன் விலையில் எத்தனை பேரின் உழைப்பு அடங்கியுள்ளது என்பதை எண்ணிப் பார்த்துப் பேரம் பேசுவோமாக.

கணக்கை மனத்தில் வைத்திருக்கும் மூத்த தலைமுறை முதுமையடைந்து வருகின்றது. அவர்கள் மறைந்த பின்னர், கண்ணாடிப் பெட்டியில் வைத்த பாயைப் பார்த்து எவரும் இழைக்கக் கற்றுக்கொள்ள முடியாது. அவர்கள் எம்மிடையே இருக்கும்போதே முற்றத்தில் பாயை விரித்து, அவர்களை நடுவே அமர்த்தி, இளையோர் சுற்றி அமர வேண்டும். சம்பந்தப்பட்டவர்கள் இதனைக் காலந்தாழ்த்தாது கவனத்திற் கொள்வார்களாக.