14 மணி நேரக் கடிகாரம்

அமெரிக்க லாரி ஓட்டுநர் ஒருவரின் ஒரு நாளைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். காலை 5 மணிக்கு வண்டியை எடுக்கிறார். 7 மணிக்குக் கிடங்கு வாசலுக்கு வந்துவிடுகிறார். சரக்கு ஏற்ற இடம் காலியில்லை, காத்திருக்கச் சொல்கிறார்கள். பகல் 1 மணிக்குத்தான் லோடு ஏறி முடிகிறது. இறக்க வேண்டிய ஊர் இன்னும் 630 கிலோமீட்டர். வேலையைத் தொடங்கிய நிமிடத்திலிருந்து 14 மணி நேரம் ஆகிவிட்டால் அவர் ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாது என்பது அங்கே சட்டம். ஆக மாலை 7 மணியோடு சரி. கையில் மிச்சம் 6 மணி நேரம். எங்கேயும் நிற்காமல், ஒன்றுக்குப் போகக்கூட இறங்காமல், சராசரியாக மணிக்கு 105 கிலோமீட்டரில் போனால் போய்ச் சேரலாம். ஊருக்குள்ளும் சந்திப்புகளிலும் வண்டி மெதுவாகத்தான் போகும். அப்படியும் சராசரி 105 வர வேண்டுமென்றால் மற்ற இடங்களில் 115, 120 என்று அழுத்த வேண்டும்.

முன்பெல்லாம் இதற்கு ஒரு பேனா போதும். எத்தனை மணி நேரம் ஓட்டினேன், எத்தனை மணி நேரம் தூங்கினேன் என்று ஓட்டுநரே ஒரு நோட்டில் கோடு போட்டு வைப்பார். 1930களின் கடைசியிலிருந்து நடைமுறையில் இருந்த ஏற்பாடு இது. காத்திருந்த 6 மணி நேரத்தைத் தூக்கம் என்று எழுதிக்கொண்டால் வேலை தீர்ந்தது. போலீஸுக்கு ஒன்று, முதலாளிக்கு ஒன்று என்று இரண்டு நோட்டு வைத்திருந்தவர்களும் உண்டு. அந்த நோட்டுக்கு ஓட்டுநர்கள் வைத்திருந்த பட்டப்பெயர் ‘காமிக்ஸ் புத்தகம்’.

அந்தப் பேனாவைப் பிடுங்குவதற்காக வந்ததுதான் எலக்ட்ரானிக் லாகிங் டிவைஸ், சுருக்கமாக இ.எல்.டி. 2012இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டது, 2015 டிசம்பரில் விதிகள் வந்தன, 2017 டிசம்பர் 18 முதல் கட்டாயமானது. கருவி என்ஜினின் கணினியோடு இணைந்திருக்கும். சக்கரம் மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டால் போதும், ‘ஓட்டுகிறார்’ என்று தானே பதிந்துகொள்ளும். வண்டி 5 நிமிடம் நின்றால் திரையில் கேள்வி வரும்; ஒரு நிமிடத்துக்குள் பதில் இல்லையென்றால் ‘வேலையில் இருக்கிறார், ஓட்டவில்லை’ என்று தானே மாற்றிக்கொள்ளும். நாளுக்கு அதிகபட்சம் 11 மணி நேரம் ஓட்டலாம். அது 14 மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும். பிறகு தொடர்ந்து 10 மணி நேரம் ஓய்வு. இந்த எண்களில் எதுவும் புதிதல்ல. அவற்றை ஏமாற்ற முடியாமல் போனது மட்டும்தான் புதிது.

ஆண்டுக்கு 26 உயிர்கள் மிஞ்சும், 562 பேர் காயத்திலிருந்து தப்புவார்கள் என்று மத்தியப் போக்குவரத்துத் துறை மதிப்பிட்டது. காகிதத்தில் பொய் எழுதிய களைப்பான ஓட்டுநர் இனி சாலையில் இருக்க மாட்டார் என்பது அந்தக் கணக்கின் அடிப்படை. நியாயமான எதிர்பார்ப்பு. நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

நடந்தது வேறு. அலெக்ஸ் ஸ்காட், ஆண்ட்ரூ பால்த்ராப், ஜேசன் மில்லர் என்ற மூன்று ஆய்வாளர்கள் கருவி வருவதற்கு முந்தைய, பிந்தைய சோதனைப் பதிவுகளையும் விபத்துப் பதிவுகளையும் ஒப்பிட்டார்கள். வேலை நேர மீறல் நன்றாகவே குறைந்திருந்தது, அதிலும் சிறிய நிறுவனங்களில். அந்த மட்டில் கருவி சொன்னதைச் செய்தது. ஆனால் விபத்துகள் குறைந்ததற்கான அடையாளம் கிடைக்கவில்லை. வேக வரம்பை மீறியது போன்ற ஆபத்தான ஓட்டுதலுக்காகச் சிறிய நிறுவனங்களின் ஓட்டுநர்கள் பிடிபட்டது கூடியிருந்தது. இதே கருவியை முன்பே சொந்த விருப்பத்தில் மாட்டியிருந்த பெரிய நிறுவனங்களில் இந்த மாற்றம் தெரியவில்லை. நேரத்தை நீட்ட முடியாது என்று ஆனதும் சிறியவர்கள் வேகத்தை நீட்டிக்கொண்டார்கள்.

பெரிய லாரிகள் சம்பந்தப்பட்ட விபத்துகளில் இறந்தவர்கள் 2017இல் 5,000க்குச் சற்றுக் குறைவு. 2022இல் 5,900க்கு மேல். இந்த உயர்வு முழுவதையும் ஒரு பெட்டியின் தலையில் கட்டுவது சரியல்ல. கோவிட் காலத்துக் காலிச் சாலைகளில் எல்லோருமே வேகமாகத்தான் போனார்கள். ஆனால் எண் இறங்கும் என்ற நம்பிக்கையில்தான் கோடிக்கணக்கில் செலவு செய்தார்கள், எண் இறங்கவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஏன் இப்படி ஆனது? விடை கருவிக்குள் இல்லை, கூலிக்குள் இருக்கிறது. அமெரிக்காவில் நெடுந்தூர ஓட்டுநருக்குப் பெரும்பாலும் மைலுக்கு இவ்வளவு என்றுதான் சம்பளம். சக்கரம் சுற்றினால் காசு, சுற்றாவிட்டால் இல்லை. 1938ஆம் ஆண்டின் தொழிலாளர் நியாயத் தரச் சட்டம் மற்றத் தொழிலாளர்களுக்குக் கொடுத்த மிகைநேரக் கூலியை லாரி ஓட்டுநருக்குக் கொடுக்கவில்லை. அந்த விலக்கு தேசிய அளவில் இன்னும் தொடர்கிறது. 1980இல் கட்டணக் கட்டுப்பாடு தளர்ந்த பிறகு போட்டி முற்றியது, வாடகை சரிந்தது. வண்டி கிடங்கில் 6 மணி நேரம் நின்றால் அந்த நேரத்தின் விலையைக் கொடுப்பவர் கிடங்குக்காரர் அல்ல, ஓட்டுநர்தான். போக்குவரத்துத் துறையின் தலைமைக் கண்காணிப்பாளர் அலுவலகம் 2018 ஜனவரியில் ஓர் அறிக்கை வெளியிட்டது. கிடங்கில் வண்டி நிற்கும் சராசரி நேரம் 15 நிமிடம் கூடினால், எதிர்பார்க்கக்கூடிய விபத்து விகிதம் 6.2 விழுக்காடு கூடுகிறது என்பது அதன் மதிப்பீடு. காத்திருப்பால் ஓட்டுநர்கள் இழக்கும் வருமானம் ஆண்டுக்கு 110 கோடி முதல் 130 கோடி டாலர் வரை.

இதில் விநோதம் ஒன்று உண்டு. லாரி எந்தக் கிடங்கில், எத்தனை மணிக்கு நின்றது, எத்தனை மணிக்குக் கிளம்பியது என்ற முழு ஜாதகமும் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. கிடங்குக்காரர்களைக் கேள்வி கேட்க இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. ஆனால் சாலையில் மறிக்கும் அதிகாரி அதில் பார்ப்பது ஓட்டுநரின் தவறை மட்டும்தான். சட்டம் அவரை அப்படித்தான் பார்க்கச் சொல்கிறது.

கடிகாரம் முடிகிற இடத்தில் நிறுத்துமிடம் இருக்க வேண்டும் என்பதையும் யாரும் ஏற்பாடு செய்யவில்லை. 2009இல் தென் கரோலினாவில், சரக்கு இறக்கும் நேரத்துக்கு முன்பே வந்துவிட்ட ஓர் ஓட்டுநர் தங்க இடமில்லாமல், கைவிடப்பட்ட பெட்ரோல் பங்க் ஒன்றில் வண்டியைப் போட்டுத் தூங்கினார். அங்கே அவரைச் சுட்டுக் கொன்று எடுத்துச் சென்ற தொகை 7 டாலர். நிறுத்துமிடப் பற்றாக்குறையை ஆராய அவர் பெயரால் 2012இல் ஒரு பிரிவு சட்டமானது, அதுவும் இ.எல்.டி.யைக் கட்டாயமாக்கிய அதே சட்டத்துக்குள். கட்டாயம் நிறைவேறிவிட்டது. இரவில் நெடுஞ்சாலை இறங்குபாதைகளின் ஓரத்தில் இன்றும் லாரிகள் வரிசையாக நிற்கின்றன.

சரி, பெட்டியையாவது நம்பலாமா? இ.எல்.டி.க்கு அரசின் தரச்சோதனை என்று ஒன்று வைக்காமலே திட்டத்தைத் தொடங்கினார்கள். தயாரிப்பாளரே ‘என் கருவி விதிப்படி இருக்கிறது’ என்று எழுதிக் கொடுத்தால் பட்டியலில் ஏறிவிடும் என்றுதான் ஏற்பாடு இருந்தது. பிறகு புகார் வந்தால் நீக்கலாம் என்றிருந்தார்கள். நிறைய நீக்கியும் இருக்கிறார்கள். 2024இல் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இன்னொரு ஓட்டையைக் காட்டினார்கள். சந்தையில் புழங்கும் ஒரு கருவியின் வைஃபை, தயாரிப்பாளர் வைத்த எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொல்லோடு அப்படியே திறந்து கிடந்தது. 2014ஆம் ஆண்டு மாடல் கென்வொர்த் லாரி ஒன்றை ஓடவிட்டு, பக்கத்தில் காரில் போனபடியே அந்தக் கருவிக்குள் நுழைந்து, தங்கள் மென்பொருளை ஏற்றி, லாரியின் வேகத்தைக் குறைத்துக் காட்டினார்கள். அதற்கு ஆனது 14 விநாடி. ஒரு லாரியிலிருந்து அடுத்த லாரிக்குத் தானே தாவும் வைரஸாக இதை மாற்ற முடியும் என்பதையும் விளக்கினார்கள். பாதுகாப்புக்கென்று மாட்டிய கருவி என்ஜினுக்குப் போகும் கதவாகவும் ஆகியிருக்கிறது.

ஐரோப்பா இந்த வேலையில் மூத்த கை. டேக்கோகிராஃப் என்ற பதிவுக் கருவி அங்கே 1970களிலேயே கட்டாயமானது, 2006இல் டிஜிட்டல் ஆனது. கியர்பாக்ஸ் சென்சாரில் காந்தத்தை ஒட்டி, ஓடுகிற வண்டியை நிற்கிற வண்டியாகக் காட்டிய ஓட்டுநர்கள் அங்கேயும் இருந்தார்கள். காந்தத்தைக் கண்டுபிடிக்கும் சென்சார் பிறகு வந்தது. அந்த ஓட்டப்பந்தயத்தைவிட நாம் கவனிக்க வேண்டியது 2006ஆம் ஆண்டின் 561ஆம் எண் ஒழுங்குமுறையில் இருக்கும் 10ஆவது பிரிவு. ஓடிய தூரத்துக்கும், சேர்த்த வேகத்துக்கும், ஏற்றிய சரக்கின் அளவுக்கும் ஏற்பக் கூலி கொடுப்பது சாலைப் பாதுகாப்பைக் கெடுக்கும் என்றால், நிறுவனம் அப்படிக் கூலி கொடுக்கக் கூடாது. ஐரோப்பியர்கள் கருவியோடு இந்த ஒரு வரியையும் எழுதிவைத்தார்கள். அமெரிக்கர்கள் கருவியை மட்டும் வாங்கினார்கள்.

நாம் எதை வாங்கப் போகிறோம் என்பதுதான் என் கவலை. 2021 செப்டம்பரில் மத்திய அமைச்சர் நிதின் கட்காரி, லாரி ஓட்டுநர்களுக்கு ஓட்டும் நேரத்தை வரையறுக்க வேண்டும், தூக்கத்தைக் கண்டறியும் சென்சாரை வண்டியில் பொருத்தக் கொள்கை வகுக்க வேண்டும் என்று சொன்னார். நேர வரம்பு நமக்குப் புதிதல்ல. மோட்டார் வாகனச் சட்டத்தின் 91ஆவது பிரிவு கை காட்டிய 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்றது. 5 மணி நேரத்துக்கு ஒருமுறை அரை மணி ஓய்வு என்றது. 5 பேருக்குக் குறைவாக வேலை செய்த இடத்துக்கு அது பொருந்தவில்லை. சொந்தமாக ஒன்றிரண்டு லாரி வைத்து ஓட்டுகிறவர்கள் நிறைந்த தொழிலில் இந்த ஒரு வரம்பு எத்தனை பேரை வெளியே விட்டது என்று நாமக்கல்லில் எந்தப் புக்கிங் ஆபீஸில் கேட்டாலும் சொல்வார்கள்.

கருவிகளுக்கும் நம்மிடம் குறைவில்லை. 2015 அக்டோபர் முதல் தயாரான போக்குவரத்து வண்டிகளுக்கு 80 கிலோமீட்டரில் மட்டுப்படுத்தும் ஸ்பீடு கவர்னர். டேங்கருக்கும் டிப்பருக்கும் அது 60. அதன் ஒயரை எங்கே கழற்ற வேண்டும் என்பது நெடுஞ்சாலை ஓரத்து எலக்ட்ரீஷியன்களுக்குத் தெரியாத ரகசியமல்ல. சுங்கச்சாவடியில் 2021 பிப்ரவரி முதல் ஃபாஸ்டேக் கட்டாயம். இ-வே பில்லில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று காலாவதி வைத்திருக்கிறார்கள். பில் ஓடத் தொடங்கிய பிறகு வண்டி கிடங்கிலேயே நின்றாலும் அந்த நாள் கரைந்துகொண்டுதான் இருக்கும்.

2018இல் மோட்டார் வாகன விதிகளில் சில திருத்தங்கள் வந்தன. நேஷனல் பர்மிட் வண்டிகளில் ஃபாஸ்டேக்கும், இருக்கும் இடத்தைக் காட்டும் கருவியும் வேண்டும் என்றார்கள். நேஷனல் பர்மிட் வண்டிக்கு இரண்டு ஓட்டுநர் வேண்டும் என்று அதுவரை இருந்த நிபந்தனையை அதே திருத்தங்களில்தான் நீக்கினார்கள். அந்த நிபந்தனை எல்லா வண்டியிலும் நடைமுறையில் இருந்ததா என்று கேட்டால், இல்லைதான். ஆனாலும் ஒருவர் ஓட்டும்போது ஒருவர் தூங்க வேண்டும் என்று சட்டமாவது சொல்லிக்கொண்டிருந்தது.

2023இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,72,890 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் முதல் மாநிலம் தமிழ்நாடு. எனவே தூக்க சென்சாரும் ஓட்டும் நேரப் பதிவும் ஒருநாள் வரத்தான் செய்யும். வர வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வரைவு விதி வெளியாகும்போது கருவியின் விலையையும் அபராதத் தொகையையும் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். அதில் காத்திருப்புக் கூலி பற்றி ஒரு வரி இருக்கிறதா, லோடு ஏற்றாமல் நிறுத்தி வைத்த கிடங்கின் பெயரும் அந்தப் பதிவில் ஏறுமா என்று முதலில் பார்க்க வேண்டும். இல்லையென்றால் நமக்கும் அமெரிக்கக் கணக்குதான். அதிலும் அவர்களுடைய சாலையில் மாடு படுத்திருக்காது, எதிர்த்திசையில் டிராக்டர் வராது.

சில மாதங்களுக்கு முன் ஓசூர் அருகே ஒரு கிடங்கின் மதிலோரம் நின்ற டாரஸ் லாரிகளை எண்ணினேன், பத்தொன்பது. வேப்பமரத்தடியில் ஸ்டவ் பற்றவைத்துக்கொண்டிருந்தவர் நாமக்கல் பக்கத்துக்காரர், ஐம்பதை நெருங்கியவர். கிளீனர் இல்லை, தனியாள். நடு மத்தியானம். எத்தனை மணிக்கு வந்தீங்கண்ணே என்றேன்.

“நேத்து ராத்திரி ஒம்பதுக்குங்க. டோக்கன் போட்டுக் குடுத்தாங்க. இன்னும் ஆறு வண்டிக்கு அப்புறந்தான் நம்முளுது.”

சரியாகத் தூங்கவும் முடியவில்லை. வரிசை நகரும்போதெல்லாம் ஆளைத் தட்டி எழுப்பி வண்டியை முன்னால் எடுக்கச் சொல்வார்களாம். ஹால்டிங் காசு தருவார்களா என்று கேட்டேன்.

“ஒரு நாள் தாண்டுனா ஓனருக்குத் தரோணும்னு பேச்சு. கேட்டா அடுத்த லோடு குடுக்க மாட்டாங்க. ஓனருக்கே வராதது எனக்கெங்கீங்க வருது? நமக்கு டிரிப்புக்குத்தானுங்க காசு.”

லோடு விஜயவாடாவுக்கு. அறுநூறு கிலோமீட்டருக்கு மேல். மறுநாள் காலையில் அங்கே இறக்கியாக வேண்டும். இங்கே ஏறி முடியவே சாயங்காலம் ஆகிவிடுமே, எப்படிப் போய்ச் சேருவீர்கள் என்றேன்.

அவர் அரிசியைக் களைந்து தண்ணீரை வேப்பமரத்தடியில் ஊற்றினார்.

“ராத்திரி ரோடு காலியாத்தானுங்க இருக்கும்.”