முதலில் திரை, கடைசியில் கிராஃபிக்ஸ் கார்டு

பிடோக் நார்த்தில் ரயில் ஏறினால் எங்கும் மாறாமல் ஜாலான் புசாரில் போய் இறங்கலாம். 2017 அக்டோபரில் டௌன்டவுன் பாதை கிழக்கே நீண்டதிலிருந்து இந்த வசதி. அங்கிருந்து தேக்காவும் நடக்கிற தூரம், சிம் லிம் ஸ்குவேரும் நடக்கிற தூரம். தேசிய சேவைப் படித்தொகையைச் சேர்த்து வைத்து, முதல் கேமிங் கம்ப்யூட்டர் வாங்க வரும் பையன்களைச் சிம் லிம் கட்டடத்தில் எப்போதும் பார்க்கலாம். பலருடைய திட்டமும் ஒன்றுதான்: இருக்கிற காசில் ஆகப் பெரிய கிராஃபிக்ஸ் கார்டு, மிச்சத்தில் மற்றதெல்லாம். வேலோரன்ட், கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 மாதிரியான சுடும் ஆட்டங்களை 240 ஹெர்ட்ஸ் திரையில் ஆட விரும்புகிறவருக்கு இந்தத் திட்டம் தலைகீழ்.

கணக்கைப் பாருங்கள். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படம் 16.67 மில்லிவினாடி நிற்கும். 144 ஹெர்ட்ஸில் 6.94. 240இல் 4.17. 360இல் 2.78. அறுபதிலிருந்து நூற்று நாற்பத்து நான்குக்குப் போகும்போது மிச்சமாவது கிட்டத்தட்ட 10 மில்லிவினாடி. அதை யார் கண்ணும் உணரும். 240இலிருந்து 360க்குப் போனால் மிச்சம் ஒன்றரை மில்லிவினாடிகூட இல்லை. போட்டிகளில் ஆடாதவர் அதற்குக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை என்பேன்.

அந்த 4.17 மில்லிவினாடிக்குள் நடப்பது என்ன? எதிராளி எங்கே நகர்ந்தார், குண்டு யார்மேல் பட்டது, எதையெல்லாம் வரைய வேண்டும் என்று கணக்குப் போடுவது பிராசஸர். அது சொன்னதை வரைவது கார்டு. திரையின் பிக்சல் குறைந்தால் கார்டின் சுமை குறையும். 1920க்கு 1080 என்றால் ஒரு படத்துக்கு சுமார் 20 லட்சம் பிக்சல். 4கே என்றால் 83 லட்சம். ஆனால் பிராசஸரின் கணக்கு பிக்சலைப் பார்த்துக் குறைவதில்லை. 1080 திரையில் வேகமாக ஆடும்போது முதலில் மூச்சு வாங்குவது பெரும்பாலும் பிராசஸர்தான். இதை வீட்டிலேயே சோதிக்கலாம். இப்போதைய கம்ப்யூட்டரில் ஆட்டத்தின் ரெசல்யூஷனை ஒரு படி இறக்கிப் பாருங்கள். வினாடிக்கு எத்தனை படம் என்ற எண் ஏறினால் தடை கார்டில். ஏறவே இல்லையென்றால், புது கார்டு வாங்கினாலும் அதே எண்தான் வரும்.

ஏஎம்டி 2022இல் ரைசன் 7 5800எக்ஸ்3டி பிராசஸரை வெளியிட்டபோது ஆட்டக்காரர்கள் அதைத் தேடிப் போனதற்கும் காரணம் இதுதான். பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கேஷ் நினைவகம், சமையல் மேடையில் கைக்கெட்டும் அஞ்சறைப் பெட்டி மாதிரி; வேண்டியது அதில் இல்லையென்றால் தூரத்தில் இருக்கிற ரேமுக்குப் போய்வர வேண்டும். எக்ஸ்3டி வகையில் அந்தப் பெட்டி பெரியது. 2023இல் வந்த 7800எக்ஸ்3டியில் எல்3 கேஷ் 96 எம்பி. அதே எட்டு கோர் கொண்ட 7700எக்ஸில் 32 எம்பி. ஆட்டத்தைத் தவிர வேறு வேலைகளில் இந்த வித்தியாசம் அதிகம் தெரியாது.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் திரை, அதற்கேற்ற பிராசஸர், பிறகு ரேம், கடைசியில் கார்டு. ரேமை ஒரே குச்சியாக வாங்காமல் இரண்டாக வாங்குங்கள். அப்போதுதான் இரண்டு சானலும் வேலை செய்யும். 2025 கடைசியில் ஏஐ மையங்களின் தேவையால் ரேம் விலை எகிறியதிலிருந்து பலர் இங்கேதான் சிக்கனம் பிடிக்கிறார்கள். பிடித்தால் அளவில் பிடியுங்கள், எண்ணிக்கையில் வேண்டாம். டிடிஆர்5 6000 என்று அட்டையில் போட்டிருந்தாலும் பயாஸில் எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பி என்ற அமைப்பை இயக்காவிட்டால் அது 4800 போன்ற குறைந்த வேகத்தில்தான் ஓடும்.

பணம் கொடுத்து வாங்கிய வேகம் வீட்டில் வீணாவதும் உண்டு. 240 ஹெர்ட்ஸ் திரையை வாங்கிவிட்டு, விண்டோஸ் அமைப்பில் 60இலேயே விட்டுவிடுகிறார்கள். திரையின் கேபிளைக் கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகுகிறார்கள். வேலோரன்டுக்குச் சிங்கப்பூரிலேயே சர்வர் இருக்கிறது; பிடோக்கிலிருந்து போய்வர ஆகும் தாமதம் மிகச் சொற்பம். ஆனால் ஃபைபர் இணைப்பு பெரும்பாலும் வரவேற்பறையோடு நின்றுவிடுகிறது. கான்கிரீட் சுவர்களைத் தாண்டி அறைக்குள் வரும் வைஃபை அந்தச் சாதகத்தைக் கெடுத்துவிடும். சுவரோரமாக ஒரு லேன் கேபிள் இழுக்கச் சில வெள்ளிதான் செலவாகும்.

இன்னொன்று வெக்கை. சிங்கப்பூரில் பகல் வெப்பம் 31, 32 டிகிரி. ஆர்டிஎக்ஸ் 4060 கார்டின் மின்தேவை 115 வாட். ஆர்டிஎக்ஸ் 4090க்கு 450 வாட். அந்த மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகி அறைக்குள்தான் வரும். வீவக வீட்டின் சின்ன அறையில் ஏர்கான் இல்லாமல் ஆடுகிறவர் இந்த எண்ணைப் பார்த்துத்தான் கார்டு வாங்க வேண்டும். முன்புறம் கண்ணாடி வைத்த கேஸ் அழகாக இருக்கும், காற்று போகாது. வலை வைத்ததை வாங்குங்கள். பாகங்கள் அளவுக்கு மீறிச் சூடானால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். திரை 240 ஹெர்ட்ஸ் என்றால் ஆட்டத்தின் வேகத்தை 237 போல அதற்குச் சற்றுக் கீழே கட்டி வையுங்கள். திரையை ஆட்டத்தின் வேகத்தோடு ஒத்துப்போகச் செய்யும் ஜி-சிங்க், ஃப்ரீசிங்க் ஒழுங்காக வேலை செய்யும், சூடும் குறையும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை பார்ட் பார்ட்டாக எழுதி வைத்திருக்கும் பட்டியலை ஒருமுறை கேட்டு வாங்கிப் பாருங்கள். ஆடப்போவது எந்த ஆட்டம், எந்தத் திரையில் என்று கேளுங்கள். கடையில் ஒவ்வொரு பாகத்தின் மாடல் எண்ணையும் விலையையும் ரசீதில் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். 2012 செப்டம்பரிலிருந்து நடப்பில் உள்ள ‘லெமன்’ சட்டப்படி, வாங்கி ஆறு மாதத்துக்குள் பழுது தெரிந்தால், அது விற்கும்போதே இருந்ததாகத்தான் பொதுவாகக் கருதப்படும். அப்படி இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் கடைக்காரர். 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளைச் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் எடுத்துக்கொள்ளும். அங்கே உங்களுக்குக் கைகொடுக்கப்போவது அந்த ரசீதுதான், பத்திரமாக வையுங்கள்.