கவர்னரைக் கொன்னுட்டேன் மாமா!

திண்டிவனத்தில் அக்கா வீடு. "கவர்னரைக் கொன்னுட்டேன் மாமா!" என்று குதித்தான் அக்கா பையன். பகீரென்றது. எட்டிப் பார்த்தால்... வீடியோ கேம்!

2013-ல் வந்த 'அசாசின்ஸ் க்ரீட் 4: பிளாக் ஃபிளாக்'. அதில் கியூபாவின் ஸ்பானிஷ் கவர்னர் டோரஸ்தான் வில்லன். உலகத்தையே உளவு பார்க்கத் துடிக்கும் டெம்ப்ளர் கூட்டத்துக்குத் தலைவர். கடற்கொள்ளைக்கார ஹீரோ அவரைத் தீர்த்துக் கட்டுகிறான்.

நிஜ டோரஸ்? ஃப்ளோரிடா கவர்னராக இருந்து, 1695-ல் சான் மார்கோஸ் கோட்டையைக் கட்டி முடித்த மனுஷர். பிறகு இரண்டு தடவை கியூபா கவர்னர். டெம்ப்ளர்களையோ 1312-லேயே போப் கலைத்தாயிற்று! பாவம், டோரஸ் தலையில் கட்டிவிட்டார்கள்.

சிரிக்காதீங்க சார், நாமும் அப்படித்தான். டோரஸ் கியூபாவை ஆண்ட அதே 1714-ல், விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சியில் ஆற்காடு நவாப் சாதத்துல்லா கானோடு மோதி உயிரை விட்டார் ராஜா தேசிங்கு. வயது 22. சண்டைக்குக் காரணம், கப்பப் பாக்கி! தேசிங்கு நமக்குக் கதைப்பாட்டு நாயகன்; 1960-ல் எம்.ஜி.ஆர். படமாகவும் வந்தாயிற்று. நவாப்? பரம வில்லன். ஆனால் உடன்கட்டை ஏறிய தேசிங்கின் ராணிக்கு மரியாதையாக ராணிப்பேட்டையை அமைத்ததே அந்த நவாப்தான் என்கிறார்கள். அந்த சீன் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கு?

கதைக்கு வில்லன் வேணும், சரி. ஆட்டம் முடிந்ததும் நிஜ ஆளையும் ஒரு தடவை விசாரிக்கலாமே!

ஞாயிற்றுக்கிழமை பையனைச் செஞ்சிக்கு பஸ் ஏற்றினேன். ராஜகிரியில் பாதி ஏறுவதற்குள் உட்கார்ந்துவிட்டான்.

"கேம்ல ஹீரோவுக்கு மூச்சே வாங்காது மாமா!"